சக்கில் அவுட் எங்கே இருக்கிறது

லேத்தில் வேலை பிடிக்கும் மூன்று தாடை சக்கைப் பட்டறைகளில் ட்ரூ சக் என்பார்கள். சாவியை ஒரு துளையில் போட்டுத் திருப்பினால் மூன்று தாடைகளும் சேர்ந்தே நகர்ந்து, உருண்டைக் கம்பியை மையத்துக்குக் கொண்டுவந்து பிடித்துவிடும். இதைச் செய்யும் பாகங்கள் எல்லாம் சக்கின் வயிற்றுக்குள் மறைந்திருக்கின்றன. முன்பக்கத்து ஸ்லாட்டுகளின் வழியே சிப்ஸும் வார்ப்பிரும்புத் தூளும் கூலன்ட் தண்ணீரும் நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தானாக வெளியே வர வழி கிடையாது. அதனால்தான் மைய ஓட்டம் கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் சக்குகளில் கணிசமானவை உண்மையில் தேய்ந்தவை அல்ல, அழுக்கடைந்தவை. தாடையை அரைத்துச் சரிசெய்துவிடலாம் என்று கிரைண்டரை எடுப்பதற்கு முன் சக்கைக் கழற்றிக் கழுவி, அவுட், அதாவது மையம் விலகி ஓடும் பிழை, எங்கிருந்து வருகிறது என்று ஸ்பிண்டிலில் தொடங்கித் தாடை வரை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பது எளிய அமைப்புதான். கொசுவர்த்திச் சுருளைப் போல முகத்தில் சுருள் பள்ளம் வெட்டிய ஒரு வட்டத் தட்டு, அதுதான் ஸ்க்ரோல். அதன் முதுகில் பெவல் பற்கள். சக்கின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று பினியன்களில் எதைத் திருப்பினாலும் அந்தப் பற்கள் வழியே ஸ்க்ரோல் சுழலும். தாடைகளின் அடியில் உள்ள பற்கள் சுருள் பள்ளத்தில் மாட்டியிருப்பதால், ஸ்க்ரோல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது மூன்று தாடைகளும் சுருளின் ஒரு பிட்ச் அளவுக்கு மையத்தை நோக்கியோ வெளியேயோ நகரும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன் 1840-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மருமகன் ஆஸ்டின் குஷ்மன் அதை மேலும் வளர்த்தெடுத்துப் பரப்பினார். கையால் இறுக்கும் சக்கின் அடிப்படை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஆகவே இங்கே சொல்லும் வேலைமுறை, அறுபது ஆண்டுப் பழைய சக்குக்கும் போன மாதம் வாங்கிய சக்குக்கும் ஒன்றாகவே பொருந்தும்.

இந்த அமைப்பில் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. சுருளின் வளைவு மையத்துக்கு அருகே இறுக்கமாகவும் விளிம்பில் அகலமாகவும் இருக்கும். தாடையின் பல்லோ ஒரே வடிவம் கொண்டது. அது இரண்டு இடங்களிலும் சிக்காமல் ஓட வேண்டும். அதற்காகப் பல்லின் புடைத்த பக்கத்தை மிகச் சிறிய வளைவுக்கும், குழிந்த பக்கத்தை மிகப் பெரிய வளைவுக்கும் பொருந்தும்படி பிறை வடிவில் வெட்டுகிறார்கள். இதனால் பல்லும் பள்ளமும் முழுப் பரப்பில் தொடுவதில்லை, குறுகிய கோடுகளில் மட்டுமே தொடுகின்றன. தேய்மானம் அந்தக் கோடுகளில் விழுகிறது. ஒரே துண்டாகச் செய்த தாடையைத் தலைகீழாகத் திருப்பிப் போட முடியாமல், வெளித்தாடைக்குத் தனி செட் வைத்திருக்க வேண்டியிருப்பதும் இந்தப் பிறை வடிவத்தால்தான். இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் இன்னொரு உண்மையும் கிடைக்கிறது. மோட்டார் ஷாஃப்ட், பம்ப் ஷாஃப்ட் என்று ஒரே விட்டத்தை ஆண்டுக்கணக்கில் பிடித்துவரும் கோவைப் பட்டறைகளின் சக்குகளில், ஸ்க்ரோலின் குறிப்பிட்ட ஒரு சுற்று மட்டும் தேய்ந்திருக்கும். அந்த விட்டத்தில் மோசமாக ஓடும் சக், வேறொரு விட்டத்தில் நன்றாக ஓடக்கூடும். ஒரே ஒரு கம்பியை மாட்டி டயல் பார்த்துவிட்டு சக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கழற்றும் வேலை மெயின் ஸ்விட்சை அணைப்பதில் தொடங்குகிறது. 200 மி.மீ. சக் சுமார் 15 கிலோ இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள கையில் அது நிற்காது. பெட்டின் மேல் தடித்த மரப்பலகை ஒன்றைப் போட்டு, சக் அமரும்படி அதில் வளைவு வெட்டி வைத்துக்கொண்டால் விரலும் தப்பும், பெட்டும் தப்பும். ஸ்பிண்டில் நோஸில் மரை கொண்ட லேத்தில் சக் இறுகிப்போயிருக்கும். தாடையில் ஒரு கட்டையைப் பிடித்து, ஸ்பிண்டிலைக் கையால் பின்னோக்கித் திருப்பி, அந்தக் கட்டை பெட்டின் மேல் வைத்த மரத்தில் தட்டும்படி செய்தால் பெரும்பாலும் இளகிவிடும். மோட்டாரை ரிவர்ஸில் போட்டு இளக்குவது ஆபத்தான வேலை. கேம்லாக் வகையில் ஒவ்வொரு கேமையும் கால்சுற்றுப் போலத் திருப்பி, நைலான் சுத்தியால் முதுகில் தட்டினால் போதும். எடுப்பதற்கு முன் சக்குக்கும் ஸ்பிண்டிலுக்கும் நேர்நேராக ஒரு குறி போட்டுவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் அமர்ந்தால்தான், கழற்றுவதற்கு முன் எடுத்த அளவையும் பின்னால் எடுக்கும் அளவையும் ஒப்பிடுவதில் பொருள் இருக்கும்.

மேசையில் வைத்ததும் தாடைகளைக் கடைசிவரை விரித்து வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு தாடையிலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். ஸ்லாட்டிலும் அதே எண். சில மலிவான சக்குகளில் எண் அழுக்கில் மறைந்திருக்கும், சிலவற்றில் தேய்ந்தே போயிருக்கும். அப்படியானால் எடுக்கும்போதே குறி போட வேண்டும். பிறகு சக்கை ஸ்பிண்டிலோடு சேர்க்கும் பேக் பிளேட்டின் ஆலன் போல்ட்டுகள். பேக் பிளேட்டும் சக்கின் உடலும் சந்திக்கும் விளிம்பில் இரண்டுக்கும் சேர்த்து சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பிளேட் வரவில்லை என்று இடைவெளியில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்புகிறவர்கள் உண்டு. நெம்பிய இடத்தில் எழும் பிசிறு, பின்னால் எந்தக் கழுவலாலும் போகாத அவுட்டாக நிற்கும். பிளேட்டில் ஜாக்கிங் துளை இருந்தால் அதில் போல்ட்டை முறுக்கித் தள்ளலாம். இல்லையென்றால் போல்ட்டுகளைப் பாதி மட்டும் இளக்கி, அவற்றின் தலையில் செம்புச் சுத்தியால் மாறி மாறித் தட்டினால் சக்கின் உடல் பிளேட்டை விட்டுச் சீராக இறங்கும்.

உடலின் பின் மூடியைத் திறந்தால் ஸ்க்ரோலின் முதுகு தெரியும். பினியன்களைத் தடுத்து நிறுத்தும் சிறு ஸ்க்ரூக்களோ பின்களோ இருக்கும். அவற்றை எடுத்ததும் பினியன்கள் வெளியே வரும். எந்தப் பினியன் எந்தத் துளையில் இருந்தது என்று தாளில் எழுதி, மூன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பது நல்லது. பல சக்குகளில் ஒரு பினியன் துளைக்கு அருகே மட்டும் ஒரு குறி அடித்திருக்கும். தயாரிப்பாளர் தாடையை அரைத்ததும் அளவு பார்த்ததும் அந்தப் பினியனால் இறுக்கிய நிலையில்தான். அந்தக் குறி பிறகு அளவு பார்க்கும்போது தேவைப்படும்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெயோ டீசலோ போதும். வார்ப்பிரும்பு கடையும் லேத்தின் சக்கில், தூளும் எண்ணெயும் சேர்ந்து கருங்களியாக இறுகி ஸ்க்ரோல் பள்ளத்தின் அடியில் ஒட்டியிருக்கும். ஊறவைத்துப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால்தான் விடும். பள்ளத்தின் மூலையில் மூங்கில் குச்சியைச் சீவி ஓட்டலாம். இரும்பு ஸ்க்ரைபர் வேண்டாம். காற்றுக் குழாயால் ஊதுவது பட்டறைப் பழக்கம், ஆனால் இங்கே அது கெடுதல். சக் மூடியிருக்கையில் ஊதினால் சிப்ஸ் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். திறந்திருக்கையில் ஊதினால் கண்ணுக்கு வரும். காட்டன் வேஸ்ட்டால் துடைத்தால் நூல் பற்களில் சிக்கிக்கொண்டு நிற்கும். பழைய பருத்தித் துணிதான் நல்லது.

கழுவிய பிறகு பார்ப்பது, கழுவியதைவிட நேரம் எடுக்க வேண்டிய வேலை. முதலில் சுருள் தொடங்கும் நுனி. அந்த மெல்லிய முனை அடிபட்டு மடங்கியிருந்தால் தாடையை ஏற்றும்போதெல்லாம் பல்லைக் கீறும். ஊசி அரத்தால் மடங்கல் போகும் அளவுக்கு மட்டும் எடுத்துவிடலாம். அடுத்து ஸ்லாட்டுகளின் ஓரம், தாடையின் பக்கப் பள்ளங்கள், உடலும் பேக் பிளேட்டும் தொடும் முகங்கள். கையால் தடவினால் தெரியாத பிசிறு, தட்டையான ஆயில் ஸ்டோனை மெதுவாக ஓட்டினால் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஸ்டோன் மேட்டை மட்டும் தேய்க்க வேண்டும், முகத்தை அல்ல. எமரி தாளால் முழு முகத்தையும் தேய்த்துப் பளபளப்பாக்குவது, இருக்கிற சமதளத்தைக் கெடுப்பதில்தான் முடியும். ஸ்க்ரோலின் நடுத்துளை உடலின் குமிழில் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். அந்த ஆட்டம் அதிகமானால் மூன்று தாடைகளும் சேர்ந்தே மையம் விலகும். தாடையை எவ்வளவு அரைத்தாலும் அது தீராது. சாவியில் பைப் போட்டு முறுக்கப்பட்ட சக்குகளில் ஸ்லாட்டின் மூலையில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்த சக்கை மறுபடி லேத்தில் ஏற்றக் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து உண்டு. ஸ்க்ரோல் முழுவதும் கிரீஸை அப்பி மூடுகிறவர்களும் இருக்கிறார்கள், எதுவுமே போடக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். பொருத்திப் பார்த்தால் இரண்டும் பாதிச் சரி. ஸ்க்ரோலின் முதுகில் உள்ள பற்களும் பினியனும் மூடிய பகுதியில் இருக்கின்றன. அங்கே கிரீஸைத் தாராளமாகவே தடவலாம். முகத்துச் சுருளும் தாடையும் தூளுக்குத் திறந்தவை. அங்கே கிரீஸ் போட்டால் வார்ப்பிரும்புத் தூளைப் பிடித்துவைத்து லேப்பிங் பேஸ்ட்டாக மாறி, சுருளையே தின்னும். மெல்லிய எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்த அளவுக்குப் படலம் இருந்தால் போதும்.

சேர்க்கும்போது போல்ட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல், எல்லாவற்றையும் முதலில் தொட்டும் தொடாமலும் முறுக்கி, பிறகு எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஸ்க்ரோல் கையால் லேசாகச் சுழல்கிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் அங்கே இன்னும் ஒரு சிப்ஸோ பிசிறோ இருக்கிறது. இறுக்கி ஓட்டினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது.

தாடை ஏற்றுவதில் வரிசை தவறக் கூடாது. சாவியைத் திருப்பிக்கொண்டே வந்து, சுருளின் நுனி 1-ஆம் ஸ்லாட்டில் தலைகாட்டியதும் சிறிது பின்வாங்கி, 1-ஆம் தாடையை உள்ளே தள்ளி அழுத்திப் பிடித்தபடி முன்னே திருப்ப வேண்டும். நுனி முதல் பல்லைக் கவ்வியதும் அந்தத் தாடை வெளியே வராது. நுனி 2-ஆம் ஸ்லாட்டுக்கு வரும்போது இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மூன்று தாடைகளின் பற்களும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. ஒன்றுக்கொன்று பிட்ச்சில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டப்பட்டிருக்கும். பிட்ச் 9 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தாடைகளை இடம் மாற்றிப் போடும்போது வரும் பிழை 3 மி.மீ. கணக்கில் இருக்கும். எண் சரியாக இருந்தும் ஒரு தாடை ஒரு சுற்றைத் தவறவிட்டிருந்தால் 9 மி.மீ. பின்தங்கி நிற்கும். தாடைகளை முழுக்க மூடி, மூன்று நுனிகளும் நடுவில் ஒன்றாகச் சந்திக்கின்றனவா என்று பார்த்தால் இந்த இரண்டு தவறுகளும் உடனே தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டருக்குள் வரும் பிழை எதுவும் ஏற்றிய வரிசையால் வருவதல்ல. அதற்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

தேடலை ஸ்பிண்டில் நோஸில் தொடங்குவதே முறை. சக் இல்லாத நிலையில் நோஸையும் அதன் தோள்முகத்தையும் துணியால் துடைத்து, மரையில் சிப்ஸ் இருந்தால் கூரான கொக்கியால் எடுத்துவிட்டு, கேரேஜில் காந்தத் தாங்கியை நிறுத்தி டயல் கேஜை வைக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்ற வேண்டும். நல்ல நிலையில் உள்ள லேத்தில் ரெஜிஸ்டர் விட்டத்திலும் தோள்முகத்திலும் ஊசி 0.01 மி.மீ. அளவுக்குள் நின்றுவிடும். இங்கேயே ஊசி பெரிதாக ஆடினால் சக்கைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. பேரிங்கைப் பார்க்க வேண்டும். அடுத்து பேக் பிளேட்டை மட்டும் மாட்டி அதன் முகத்தையும் சக் அமரும் படியையும் பார்க்க வேண்டும். முகத்தில் ஊசி ஆடினால் அதே லேத்தில், அதே ஸ்பிண்டிலில் வைத்து மெல்லிய ஒரு வெட்டு எடுத்துக்கொள்ளலாம். பேக் பிளேட்டை வேறு லேத்தில் கொண்டுபோய்க் கடைந்து வந்தால் அந்த லேத்தின் பிழைதான் கூடவே வரும்.

முகத்தின் சுத்தத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். 200 மி.மீ. விட்டமுள்ள முகத்தின் விளிம்பில் 0.05 மி.மீ. தடிப்புள்ள ஒரு சிப்ஸ் சிக்கியிருந்தால், சக்கின் அச்சு 100 மி.மீ. தூரத்துக்கு 0.025 மி.மீ. சாயும். டயல் காட்டும் மொத்த ஆட்டம் எப்போதும் மையம் விலகிய அளவைப்போல் இரண்டு மடங்கு. ஆக அங்கே ஊசி 0.05 மி.மீ. ஆடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள், நல்ல சக்குக்கு அனுமதிக்கப்படும் பிழையின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

சக்கை மாட்டியபின் உடலின் வெளிவிட்டத்திலும் முகத்திலும் ஒருமுறை டயல் ஓட்டலாம். பழைய சக்கின் வெளிவிட்டம் அடிபட்டிருக்கும் என்பதால் அதை முழுக்க நம்ப வேண்டியதில்லை. உண்மையான சோதனை கிரைண்டிங் செய்த தண்டில்தான் நடக்கிறது. 12, 25, 40, 60 மி.மீ. என்று சில விட்டங்களில் நேரான தண்டுகள் இருந்தால் ஸ்க்ரோலின் வெவ்வேறு சுற்றுகளைச் சோதிக்கலாம். கடையில் வாங்கிய பிரைட் பார் இதற்கு ஆகாது. அதன் வட்டமே சரியாக இருக்காது. குறியிட்ட பினியனால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் இறுக்க வேண்டும். தாடைக்கு அருகே ஒரு அளவு, 100 மி.மீ. தள்ளி ஒரு அளவு. உச்சம் எந்தத் தாடையின் பக்கம் வருகிறது என்பதைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தாடையை இளக்கி, தண்டை மட்டும் 120 டிகிரி திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். உச்சம் தண்டோடு சேர்ந்து நகர்ந்தால் பிழை தண்டில், தாடையோடு நின்றுவிட்டால் பிழை சக்கில்.

இப்படிக் கிடைக்கும் எண்கள் சக்கின் உள்விவரத்தைச் சொல்லும். அருகிலும் தள்ளியும் ஒரே அளவு, ஒரே பக்கம் என்றால் அச்சு இணையாக விலகியிருக்கிறது. காரணம் பேக் பிளேட்டின் படியோ ஸ்க்ரோலோ. அருகே 0.04, தள்ளி 0.15 என்றால் தண்டு சாய்ந்து நிற்கிறது: முகத்தில் அழுக்கு, அல்லது தாடையின் வாய் தேய்ந்து புனல்போல் விரிந்திருக்கிறது. வாய் விரிந்த தாடையில் தண்டுக்கு மார்க்கிங் ப்ளூ தடவிப் பிடித்துப் பார்த்தால் உள்முனையில் மட்டும் நிறம் ஒட்டும். ஒரு விட்டத்தில் மட்டும் பிழை பெரிதானால் ஸ்க்ரோலின் அந்தச் சுற்று தேய்ந்தது. மூன்று பினியன்களிலும் மாறி மாறி இறுக்கும்போது அளவு மாறிக்கொண்டே இருந்தால் ஸ்க்ரோல் குமிழில் ஆடுகிறது. சாதாரண ட்ரூ சக்கில் 0.05 முதல் 0.08 மி.மீ. வரை மொத்த ஆட்டம் இருந்தால் அது நல்ல சக். அதைவிடக் குறைவாக எதிர்பார்ப்பது அந்த அமைப்பின் மேல் வைக்கும் நியாயமற்ற எதிர்பார்ப்பு. ஒரே பிடிப்பில் முழு வேலையும் கடைந்து வெட்டி எடுக்கும்போது இந்த ஆட்டம் வேலையில் தெரியவே தெரியாது. திருப்பிப் பிடிக்கும் வேலையில்தான் தெரியும். அதற்கு அவ்விடத்திலேயே துளைத்துக்கொள்ளும் மென்தாடைகள் இருக்கின்றன.

தாடையை அரைப்பது எல்லா வழியும் பார்த்த பிறகு வரும் வேலை. வாய் விரிந்ததற்கு மட்டும்தான் அது மருந்து. வேலையைப் பிடிக்கும்போது தாடைப் பல் ஸ்க்ரோலின் எந்தப் பக்கத்தில் அழுந்துகிறதோ, அரைக்கும்போதும் அதே பக்கத்தில் அழுந்தியிருக்க வேண்டும். ஒரு வளையத்துக்குள் தாடைகளை விரித்து இறுக்கி அரைப்பவர்கள் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் கொடுத்து அரைக்கிறார்கள். கம்பியைப் பிடித்ததும் தாடை ஸ்லாட்டில் மறுபக்கம் சாய்ந்து பழைய பிழை திரும்பும். நடுவில் பெரிய துளையிட்ட எஃகுத் தட்டு ஒன்றைத் தாடைகளின் முன்முனையில், அவற்றின் பக்கச் சரிவுகளை மட்டும் தாங்கும்படி வெட்டிப் பொருத்தி அதன்மேல் இறுக்கினால், பிடிக்கும் முகம் கல்லுக்குத் திறந்திருக்கும், அழுத்தமும் சரியான பக்கம் விழும். பெட்டை ஈரத்துணியால் மூடி, டூல் போஸ்ட் கிரைண்டரில் சிறு கல்லைப் போட்டு, ஸ்பிண்டிலை மெதுவாக ஓட்டி, ஒரு தடவைக்கு 0.01 மி.மீ. மட்டும் கொடுத்து, மூன்று முகங்களிலும் முழு நீளத்துக்குப் புது வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதன்பின் சக்கை மறுபடி முழுக்கக் கழற்றிக் கழுவாமல் வேலைக்கு விடக் கூடாது. கல்தூள் ஸ்க்ரோலில் இருந்தபடி ஓடும் சக் கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும்.

நான்கு தாடைகளும் தனித்தனியே நகரும் டாக் சக்குக்கு இந்தக் கணக்கு வேறு. அதில் ஸ்க்ரோல் கிடையாது. ஒவ்வொரு தாடைக்கும் ஒரு ஸ்க்ரூ, அந்த ஸ்க்ரூவின் கழுத்தைத் தாங்கும் ஒரு கவை. டயல் வைத்து எதிரெதிர்த் தாடைகளைச் சரிசெய்து 0.01 மி.மீ. வரை எந்த வேலையையும் மையத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதால், மையப் பிழையைச் சோதிப்பதில் பொருளில்லை. கழுவும்போது ஸ்க்ரூ மரையில் இறுகிய அழுக்கும், கவையில் ஸ்க்ரூ முன்பின் ஆடும் அளவும்தான் பார்க்க வேண்டியவை. தண்டை இறுக்கும்போது தாடையின் முகத்தில் டயலை வைத்து, அது ஸ்லாட்டிலிருந்து எவ்வளவு தூக்குகிறது என்று நான்கிலும் பார்த்து ஒப்பிட வேண்டும். ஒரு தாடை மட்டும் அதிகம் தூக்கினால் அதன் பக்கப் பள்ளம் தேய்ந்திருக்கிறது. கனமான வெட்டுக்கு அந்த சக்கை நம்பக் கூடாது.